வாசக்காரர் வீட்டுக் கல்

எழுந்திருக்காதீங்கண்ணே, உக்காருங்க. டிக்கெட்டு வாங்கிட்டேன், இதோ கையிலயே இருக்குது. சாமி சிலையெல்லாம் பாக்க வரல நான். வாசல்ல கேட்டதுக்கு, உள்ள ஒருத்தரு சேர் போட்டு உக்காந்திருப்பாரு, அவரைக் கேளும்மான்னு அனுப்பி வுட்டாங்க. எனக்கு ஒரு போர்டைப் பத்திப் பேசணும். கல்லுக்குப் பக்கத்துல போர்டு வெப்பீங்க இல்ல, இன்ன ஊர்க் கல்லு, இன்னாரு குடுத்ததுன்னு? அதுல ஒரு பேரு இருக்குது. அந்தப் பேரை மட்டும் எடுத்துடணும். கல்லு இருக்கட்டும், கல்லைத் திருப்பிக் கேக்க வரல.

யாரு பேரா? எங்க வூட்டுக்காரரு பேருதான். அதோ, ஜன்னல் வழியா பாருங்க, கரும்பு ஜூஸ் வண்டிக்கு இந்தப் பக்கம், துண்டைத் தலையில போட்டுக்கிட்டு குந்தியிருக்காரே, அவருதான். உள்ள வரமாட்டாரு. ரெண்டு பஸ்ஸு மாறி வந்தோம். கேட்டு வரைக்கும் வந்தவரு, அங்கியே குந்திக்கிட்டு, நீ போன்னு கையால காட்டிட்டாரு. வாயைத் திறந்து பேசி ரெண்டு மாசமாச்சுண்ணே. ஆடியில பேச்சு நின்னுச்சு, இது புரட்டாசி. சோறு வெச்சா திங்கறாரு, வெக்கலேன்னா கேக்கறதில்ல. பத்து நாளைக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னாரு. "அந்தப் பேரை எடுத்துட்டா போதும்." அவ்ளோதான். அதுக்குத்தான் வந்திருக்கேன்.

நீங்க முழுசாக் கேட்டாத்தான் உங்களுக்குப் புரியும். கேக்கறீங்களா? கூட்டம் ஒண்ணும் இல்லியே.

எங்க ஊரு நாவல்மலைப்பட்டு. நாவல்மலைக் கோட்டைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கேள்விப்படலையா? மியூசியத்துல உக்காந்துக்கிட்டு கேள்விப்படலேன்னா எப்படிண்ணே? கண்டராயர்னு ஒரு ராஜா கட்டின கோட்டை. அறுநூறு வருஷம்னு சொல்றாங்க, எழுநூறுன்னும் சொல்றாங்க, நான் எங்க எண்ணினேன். மலை மேல ராஜா குடியிருந்த இடம் இருக்குது, இப்ப அது வெறும் செங்கல் மேடு. ராணி குளிச்ச குளம் இருக்குது, அதுல எருமை படுத்திருக்கும். நெல்லு கொட்டி வெக்கிற களஞ்சியம் ஒண்ணு நல்லா நிக்குது, அதுல சீட்டு ஆடுவானுங்க. கவர்மெண்டுல நீலக் கலர்ல ஒரு போர்டு நட்டுட்டுப் போனாங்க, சேதப்படுத்தினா ஜெயிலுன்னு. அதுக்கப்பறம் ஆடுதான் போய் வருது.

கீழ மதில்ல பெரிய வாசல் ஒண்ணு. கதவு கிடையாது. என் மாமனாரோட தாத்தா காலத்துலயே கிடையாது. ரெண்டு பக்கமும் கல்லுத் தூணு, தூணுல குறுக்குக் கட்டை சொருகற குழி, அவ்ளோதான் மிச்சம். அந்த வாசலுக்குக் காவல் நின்ன வம்சம் எங்க வூட்டுக்காரரு வம்சம். ஊருல எங்களுக்கு வாசக்காரர் வூடுன்னுதான் பேரு. ரேஷன் கடையில கூட "வாசக்காரர் வூட்டம்மா வந்திருக்குது, அரிசி போடு"ன்னுதான் சொல்லுவாங்க.

கதை இன்னான்னா, வடக்கேயிருந்து ஒரு ராஜா படையெடுத்து வந்து ஆறு மாசம் கோட்டையைச் சுத்தி உக்காந்துட்டானாம். உள்ள இருந்தவங்களுக்குச் சோறில்ல, தண்ணியில்ல. கண்டராயர் பொண்டாட்டி முழுகாம இருந்தா. ராணியைச் சுரங்க வழியா வெளிய அனுப்பற வரைக்கும் வாசலை வுட்றாதேன்னு ராஜா சொன்னாராம். வாசல்ல நின்னவன் வயிரவன். எங்க வூட்டுக்காரருக்கு அவன்தான் பாட்டனுக்குப் பாட்டன். கட்டையை மார்ல அணைச்சுக்கிட்டு நின்னானாம். தலையை வெட்டிட்டாங்களாம், அப்பவும் உடம்பு கட்டையை வுடலையாம். ராணி தப்பிச்சுப் போயி எங்கியோ புள்ளையைப் பெத்து, அந்தப் புள்ள தென்சீமையில ராஜா ஆனான்னு சொல்லுவாங்க. என் மாமியா இந்தக் கதையைச் சொல்லும்போது தானே கட்டையைப் புடிச்சிட்டு நின்ன மாதிரி மாரை நிமித்திக்கும்.

நான் ஏரிப்பாளையத்துக்காரி. எங்க ஊரு ஜனம் அந்தச் சண்டையில மதில் தாண்டிக் குதிச்சு ஓடிப்போன ஜனம்னு இவங்க ஊருல ஒரு பேச்சு. முப்பத்தோரு வருஷம் கேட்டேன்ணே. குழம்புல உப்பு கூடினா "ஓடிப்போன ஊர்க்காரிக்கு இன்னா கைப்பதம் இருக்கும்". அம்மா வூட்டுக்கு ரெண்டு நாள் போயிட்டு வந்தா "ஓடறது ரத்தத்துல இருக்குது". மாமியா செத்தும் ஏழு வருஷம் ஆச்சு. எனக்கு அதெல்லாம் மனசுல ஒண்ணும் கிடையாது. நான் எதையும் மனசுல வெச்சுக்கற ஆளில்ல.

வருஷா வருஷம் ஆடி மூணாம் வெள்ளி கோட்டையம்மன் திருவிழா. சாமி ஊர்வலம் வந்து அந்த வாசல்ல நிக்கும். கதவில்லாத வாசலுக்குக் குறுக்க ஒரு கட்டையைச் சொருகிட்டு எங்க வூட்டுக்காரரு உள்பக்கம் நிப்பாரு. முண்டாசு, வெத்து மார்பு, சந்தனம். மூணு தடவை கேப்பாரு, "யாரு?"ன்னு. பூசாரி மூணாவது தடவை, "தாயி வந்திருக்கா, வழி வுடு வாசக்காரரே"ன்னுவாரு. இவரு கட்டையை உருவி ஓரமா வெச்சிட்டுக் கும்புடுவாரு. சாமி உள்ள போவும். அப்புறம் பரிவட்டம் முதல்ல இவருக்குத்தான் கட்டுவாங்க. பஞ்சாயத்துத் தலைவரா இருந்தாலும் சரி, எம்எல்ஏவா இருந்தாலும் சரி, இவருக்கு அப்பறம்தான். அந்த ஒரு நாளுக்காக மிச்ச முந்நூத்திச் சொச்சம் நாளும் உரக்கடையில மூட்டை தூக்குவாரு. மூட்டை தூக்கறப்பவும் தலை நிமிர்ந்துதான் இருக்கும், முதுகுதான் வளைஞ்சிருக்கும்.

இருங்க, கல்லுக்கு வரேன். அதான் முக்கியம்.

எங்க வூட்டுப் பின்னாடி நான் துணி துவைக்கிற கல்லு அது. வூடு கட்டறப்ப மாமனாரோட அப்பா கோட்டையிலேர்ந்து மாட்டு வண்டியில வெச்சு இழுத்தாந்தாராம். அந்தக் காலத்துல ஊருல எல்லா வூட்டுப் படியும் கோட்டைக் கல்லுதான். மேல்பக்கம் வழவழன்னு இருக்கும். ஒரு பக்கவாட்டுல எழுத்து. பழைய எழுத்து, நமக்குப் படிக்க வராது. சோப்பு நுரை அந்த எழுத்துக்குள்ள போயி வெள்ளையா நிக்கும், நான் தென்னங்குச்சி வெச்சு குத்தி எடுப்பேன். முப்பத்தோரு வருஷம் எங்க வூட்டுத் துணி அத்தனையும் அதுலதான் அடிச்சேன். மூணு புள்ளைங்க பீத்துணி, மாமியா படுக்கையில கிடந்தப்ப அதோட துணி, எல்லாம்.

போன தை மாசம் எங்க பங்காளி தணிகாசலம் ஒரு பிரச்சினையைக் கிளப்பினான். பரிவட்டம் ஒரே வூட்டுக்கு இன்னாத்துக்கு, நாங்களும் அதே வம்சம்தானே, வருஷத்துக்கு ஒருத்தரா மாத்திக் கட்டலாம்னு ஊர்க்கூட்டத்துல சொன்னான். எங்க வூட்டுக்காரருக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. அப்ப அவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. வூட்டுக் கல்லுல எழுத்து இருக்குதே, அதுல எங்க பாட்டன் பேரு கண்டிப்பா இருக்கும், பேரு இருந்தா அந்தக் கல்லு யாரு வூட்டுல இருக்குதோ அவங்கதானே நேர் வாரிசுன்னு. அவரா யோசிச்சாரு. நான் சொல்லல. நான் சொன்னதெல்லாம், கல்லை நகர்த்தாதீங்க, எனக்கு வேற துவைக்கிற கல்லு கிடையாதுன்னுதான்.

காலேஜ்ல பாடம் எடுக்கற மதிவதனி மேடம்னு ஒருத்தங்க. சின்ன வயசு. இவரு போயி மூணு தடவை கூப்பிட்டாரு. மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாங்க. கல்லை பிரஷ்ஷு போட்டுத் தேச்சாங்க. "சோப்பு ரொம்ப இருக்குதும்மா"ன்னாங்க, எனக்கு வெக்கமாப் போச்சு. ஈரக் காயிதத்தை எழுத்து மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி, மேல மையை ஒத்தி எடுத்தாங்க. கறுப்புக் காயிதத்துல எழுத்தெல்லாம் வெள்ளையா எழும்பி நின்னுச்சு. கொல்லைப் புறத்துல குந்திக்கிட்டு வாயிக்குள்ளயே படிச்சாங்க. படிச்சிட்டே வந்தவங்க ஒரு இடத்துல நிறுத்திட்டாங்க.

இவருக்குப் பொறுக்கல. "மேடம், வயிரவன்னு வருதுங்களா?"

"வருதுங்கய்யா."

"வாசல் காவல்னு வருதுங்களா?"

"வருது."

"ராஜா எதுனா குடுத்தாரா?"

"நிலம் குடுத்திருக்காங்க. வரியில்லாம, வம்சத்துக்கே அனுபவிச்சுக்கச் சொல்லி."

அவ்ளோதான். மனுஷன் தரையில நிக்கல. மிச்சத்தைக் கேக்கணுமா வேணாமா? மேடம் "ஐயா, முழுசாச் சொல்லிடறேன்"ன்னு ரெண்டு தடவை வாயெடுத்தாங்க. இவரு வுட்டாத்தானே. "இந்தக் கல்லு என் வூட்டுக் கொல்லையில இருக்கலாமா மேடம்? மியூசியத்துல இருக்கணும். பக்கத்துல போர்டு. போர்டுல குடுத்தவரு இன்னாருன்னு என் பேரு. நாளைக்கு எந்தத் தணிகாசலம் வந்தாலும் போயிப் பாத்துக்கடான்னு சொல்லிடுவேன்." அவங்க பையில ஒரு ஃபாரம் இருந்துச்சு, புதுசா கல்லு கண்டுபுடிச்சா எழுதித் தர்ற ஃபாரமாம். அதை வாங்கி, தன் பேரை அப்பா பேரோட பெரிசா எழுதி, கையெழுத்தும் போட்டு, ஃபோட்டோ ஒண்ணு ஒட்டணுமான்னு கேட்டாரு. ஃபோட்டோ வேணாம்னாங்க. நான் காபி கொண்டாந்து வெச்சேன். அப்பதான் இவரு சொன்னாரு, "இப்ப முழுசாப் படிங்க மேடம், இவளும் கேக்கட்டும், ஏரிப்பாளையத்துக்காரி."

மேடம் தரையைப் பாத்துக்கிட்டே படிச்சாங்கண்ணே. கோட்டையைப் புடிச்ச வடக்கு ராஜா வெட்டி வெச்ச கல்லு அது. கண்டராயர் கல்லே இல்ல. தன்னோட சேனை உள்ள வர்றதுக்கு வாசல் திறந்து வுட்ட வயிரவனுக்கு, திறந்து வுட்டதுக்காக, இன்னின்ன எல்லைக்குள்ள இருக்கற நிலத்தை இறையிலியாக் குடுத்தோம். அவ்ளோதான் கல்லுல. ராணி இல்ல, சுரங்கம் இல்ல. தலையை யாரும் வெட்டல. அவன் நல்லா நிலத்தை உழுது சோறு தின்னு கிழவனாத்தான் செத்திருப்பான்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

இன்னா பண்றது, வந்துடுச்சு. முந்தானையை வாயில வெச்சு அடைச்சேன். முப்பத்தோரு வருஷம் உள்ள கிடந்தது எதோ புட்டுக்கிட்டு வெளிய வந்துச்சு. ஒரு நிமிஷம்தான்ணே. அப்புறம் அவரு மூஞ்சியைப் பாத்தேன். சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. மூட்டை சறுக்கி மேல வுழுந்தா ஒரு மூஞ்சி ஆவுமே, அந்த மாதிரி இருந்தாரு.

"தப்பாப் படிச்சிருக்கீங்க"ன்னாரு. மேடம் பாவம், "எழுத்து தெளிவாத்தான் இருக்குதுங்கய்யா, உங்க வீட்டம்மா சுத்தமா வெச்சிருந்திருக்காங்க"ன்னாங்க. கேட்டீங்களா, அதுக்கும் நான்தான். ஆனா அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொல்லுச்சு. "ஆறு மாசம் முற்றுகைன்னா உள்ள குழந்தைங்கல்லாம் பட்டினியில செத்திருக்கும். அவரு அவங்களுக்காகத் திறந்திருக்கலாம். கல்லு காரணம் சொல்லல ஐயா"ன்னு. எனக்கு அது சரின்னு பட்டுச்சு. அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருந்திருக்கும் இல்ல? பசியில அழுவற புள்ளையை வெச்சிக்கிட்டு ராஜா மானத்தைக் காப்பாத்துவானா? மேடம் போனதுக்கு அப்பறம் இவருகிட்ட அப்படித்தான் சொன்னேன், நல்ல மனசோட. "துரோகின்னு சொன்னாக் கூட தாங்கிக்குவேன், சோத்துக்காகத் திறந்தான்னு சொல்லாதே"ன்னு கத்தினாரு. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டு பறந்துச்சு.

மறுநாளே ஃபாரத்தைத் திருப்பி வாங்க ஓடினாரு. மேடம் அதை ஆபீசுக்கு அனுப்பிட்டாங்க. ஆபீசுல, எழுத்து இருக்கற கல்லுன்னு தெரிஞ்சதுக்கு அப்பறம் அது அரசாங்கத்துக்குச் சொந்தம், நீ குடுத்தாலும் குடுக்கலேன்னாலும் எடுத்துக்குவோம்னுட்டாங்க. சம்மட்டியை எடுத்துக்கிட்டு ஒரு நாள் கொல்லைப்புறம் போனாரு. அரைமணி நேரம் நின்னாரு. அடிக்க முடியல. எங்க பாட்டன் பேரு இருக்குதேன்னாரு. பங்குனியில லாரி வந்துச்சு. செயின் போட்டுத் தூக்கினாங்க. கல்லு இருந்த இடத்துல குழியில மண்புழு நெளிஞ்சுச்சு. அதுலேர்ந்து நான் அடுத்த தெரு வேதவல்லி வூட்டுலதான் துணி துவைக்கிறேன்.

கல்லுல இருக்கறது மூணே பேருக்குத்தான் தெரியும். மேடம், அவரு, நான். ஆனா சித்திரை முடியறதுக்குள்ள ஊரு பூரா தெரிஞ்சுபோச்சு. எப்படின்னே புரியல. அந்த மேடம்தான் எங்கியாவது சொல்லியிருக்கணும். படிச்சவங்க வாயி சும்மா இருக்குமா? நான் யார்கிட்டயும் மூச்சு வுடல. என் தங்கச்சிகிட்ட ஃபோன்ல சொன்னேன், அவ ஏரிப்பாளையத்துலேயே கட்டிக் குடுத்தவ, கூடப் பொறந்தவகிட்ட சொல்லாம எப்படி? வேதவல்லிகிட்ட சொன்னேன், ஏன்னா உன் துவைக்கிற கல்லு எங்கன்னு கேட்டா, பதில் சொல்லணுமா இல்லியா? அவ தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னேன். பால் ஊத்தற இடத்துல ஒருத்தி ரெண்டு பேரு கேட்டாங்க, அவங்க ஏற்கெனவே பாதி தெரிஞ்சு வெச்சிருந்தாங்க, தப்பாத் தெரியக்கூடாதேன்னு சரியாச் சொன்னேன். வேற யாருக்கும் சொல்லல. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே.

அப்புறம் ஆடி வந்துச்சு.

மூணாம் வெள்ளி, மத்தியானம் ரெண்டு மணி வெயிலு. போகாதீங்கன்னு நான் சொல்லிப் பாத்தேன். காய்ச்சல்னு படுத்துக்கங்க, தணிகாசலம் நிக்கட்டும்னேன். சந்தனத்தைக் குழைச்சுப் பூசிக்கிட்டுப் போயிட்டாரு. எப்பவும் இல்லாத கூட்டம் அன்னைக்கு. ஏரிப்பாளையத்துலேர்ந்து கூட ரெண்டு டிராக்டரு. சாமி வந்து வாசல்ல நின்னுச்சு. இவரு கட்டையைச் சொருகிட்டு உள்பக்கம் நிக்கறாரு. மேளம் நின்னுச்சு.

"யாரு?"ன்னாரு. ரெண்டாவது தடவை "யாரு?"ன்னாரு. அப்ப கூட்டத்துலேர்ந்து ஒருத்தன், எவன்னு தெரியல, டிராக்டர் பக்கத்துலேர்ந்துதான், "யாரா இருந்தா இன்னா மாமா, திறந்து வுடு. உங்க வம்சத்துக்குப் பழக்கம்தானே"ன்னான்.

சிரிப்புண்ணே. கோட்டை மதில்ல பட்டு அது திரும்பி வருது. பொம்பளைங்க சிரிச்சாங்க, சாமி தூக்கினவனுங்க தோளு குலுங்குது, அம்மன் தலையில வெச்ச பூவு ஆடுது. பூசாரி கையைக் காட்டி அடக்கிட்டு, "தாயி வந்திருக்கா, வழி வுடு வாசக்காரரே"ன்னாரு.

இவரு வழி வுடல.

கட்டையை ரெண்டு கையாலயும் மார்போட அணைச்சுப் புடிச்சுக்கிட்டாரு. "திறக்க மாட்டேன்"ன்னாரு. பூசாரிக்கு ஒண்ணும் புரியல. திருப்பியும் சொல்றாரு, தாயி வந்திருக்கா, வழி வுடு. "யாரு வந்தாலும் திறக்க மாட்டேன். எங்க வம்சம் திறக்காது." தலைவரு வந்து சொல்றாரு, ஏட்டு வந்து சொல்றாரு. சாமி தோள்ல கனக்குது, வெயில்ல நிக்குது, தூக்கினவன் ஒருத்தன் மயக்கம் போட்டான். அம்மன் கோவிச்சுக்குவாடான்னு கிழவிங்க மண்ணை வாரித் தூத்தறாங்க. ஒன்னரை மணி நேரம்ணே! கதவே இல்லாத வாசலு. ரெண்டு பக்கமும் மதிலு சரிஞ்சு கிடக்குது, ஆடு ஏறிப் போவுது. சாமியை அப்படிச் சுத்திக்கிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் அது தோணல. தோணினாலும் அந்த வாசல்ல வழி வுட்டுத்தான் சாமி போகணும், அது முறை.

நான் கிட்டப் போனேன். "போதுங்க, பெத்த புள்ளைங்க நிக்குது, வுட்ருங்க"ன்னேன். என்னைப் பாத்தாரு. முதல் தடவையா கண்ணுல தண்ணி. "நீ கூடவா திறக்கச் சொல்றே"ன்னாரு. கடைசியில தணிகாசலமும் அவன் தம்பியும் ஆளுக்கு ஒரு விரலா பிரிச்சாங்க. கட்டையை உருவிட்டாங்க. கையில தோலு வழண்டு ரத்தம். தலை வெட்டுப்படல, அதுதான் குறை. சாமி அவரைத் தாண்டி உள்ள போச்சு. பரிவட்டம் தணிகாசலத்துக்குக் கட்டினாங்க. சாமியையே நிறுத்தினவனுக்கு இனிமே எந்த முறையும் கிடையாதுன்னு ஊரு கூடி எழுதிக்கிட்டாங்க.

எனக்கு ஆறலண்ணே, இப்பவும் ஆறல. ஆத்திரமா வருது. யார் மேலன்னு தெரியல. அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒரு கதவைத் திறந்ததுக்கு என் புருஷன் வாயை மூடிட்டு உக்காந்திருக்காரு. உரக்கடைக்கும் போறதில்ல. "வா வாசக்காரரே"ன்னு எவனாவது கூப்பிட்டா அது கிண்டலா நிசமாவே கூப்பிடறானான்னு தெரியலியே. ஊரு பேசறது கூட அவருக்குப் பெருசில்ல. இந்தப் போர்டுதான். பள்ளிக்கூடத்துப் பசங்களை வரிசையா இட்டாந்து காட்டுவாங்களாம். வாசல் திறந்து வுட்டவனுக்குக் குடுத்த கல்லு, குடுத்தவரு இன்னாருன்னு வாத்தியாரு சத்தமாப் படிப்பாராம். வெளிநாட்டுக்காரன் ஃபோட்டோ புடிப்பானாம். தூக்கத்துல அதைத்தான் முனகறாரு. நானும் நினைச்சுப் பாத்தேன், போர்டுல ஒரு வரி. சுரண்டி எடுக்க எவ்ளோ நேரம் ஆவும்? நீங்க நினைச்சா ரெண்டு நிமிஷம். இன்னாண்ணே சொல்றீங்க?

எங்க, அந்தப் பக்கமா? வரணுமா? சரி, வரேன். நீங்க முன்னாடி நடங்க.

இது பின்னாடி தோட்டம் இல்ல? இங்க இன்னாத்துக்கு? கல்லெல்லாம் வெயில்லயே போட்டு வெச்சிருக்கீங்களே. அம்மாடி, எத்தினி கல்லு. உடைஞ்ச நந்தி, தலையில்லாத சாமி… பாத்து, நெருஞ்சி முள்ளு. இதா? இது இல்லண்ணே. இதுவும் இல்ல, எங்க கல்லு இன்னும் நீளம்.

இதுதான். இதுதான்ணே. அப்ப மேல்பக்கமா இருந்தது இப்ப இந்தப் பக்கம் திரும்பியிருக்குது பாருங்க, வழவழன்னு. இந்தக் குழிவு நான் போட்டது, இங்கதான் துணியை வெச்சு அடிப்பேன். ஐய, எழுத்துப் பக்கத்தை மண்ணுல கவுத்துட்டீங்களே. அதுவும் நல்லதுக்குத்தான். போர்டு எங்க? இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கமும் இல்லியே. இது இன்னா, வெள்ளை பெயிண்டுல? நம்பரா? இருநூத்தி நாப்பத்தி மூணு. நம்பரு சரி, போர்டு எங்க?

வெக்கவே இல்லியா?

அப்ப பசங்களுக்கு இன்னா காட்டுவீங்க? யாரும் இங்க வர்றதில்லியா? ஒருத்தரும்?

பேரு ஃபைல்ல இருக்கும்ங்கறீங்க. ஃபைலு பீரோவுல இருக்கும். பீரோவை யாரு திறந்து பாப்பாங்க?

இருங்கண்ணே, கொஞ்சம் உக்காந்துக்கறேன். கல்லு மேலேயே உக்காந்துக்கறேன், என் கல்லுதானே. ஒண்ணுமில்ல, வெயிலு. சந்தோஷம்தான். நான் இன்னாத்துக்கு வந்தேன், பேரை எடுக்கத்தானே வந்தேன். இல்லவே இல்லேன்னா நல்லதுதானே. நல்லதுதான்.

ஆனா அவருகிட்ட போயி நான் இன்னான்னு சொல்லுவேன்? பேரே போடலீங்கன்னு சொல்றதா? நீங்க நல்லவரும் இல்ல கெட்டவரும் இல்ல, இருநூத்தி நாப்பத்தி மூணுன்னு சொல்றதா? கல்லைக் கவுத்து வெச்சிருக்காங்க, பக்கத்துல கோவக்காக் கொடி ஏறியிருக்குது, ஒரு நாயி கூட வந்து பாக்கலேன்னு சொல்றதா? இத்தினி நாளும் உலகமே நின்னு தன் பேரைப் படிக்குதுன்னு அந்தக் கோவத்துலதான் மனுஷன் மூச்சு வுட்டுக்கிட்டு இருக்காரு. யாரும் படிக்கலேன்னு தெரிஞ்சா அதையும் நிறுத்திடுவாரு. எனக்குத் தெரியும்ணே, எனக்கு அவரைத் தெரியும்.

இந்த நம்பரு எழுதினது யாரு, நீங்களா? பெயிண்டு மிச்சம் இருக்குதா? ஆபீசரைக் கேக்கணும்ங்கறீங்களா, சரி, கேளுங்க, நாளைக்குக் கேளுங்க. இன்னைக்கு இந்த ஓரமா, நம்பருக்குக் கீழ, சின்ன எழுத்துல எழுதிடுங்களேன். கும்புட்டுக் கேக்கறேன்ணே. பெருசா வேணாம். குடுத்தவருன்னு கூடப் போட வேணாம், பேரு மட்டும் போதும்.

பேரா? இருங்க, சொல்றேன். முப்பத்தோரு வருஷமா என் வாயால சொன்னதில்ல. கிட்ட வாங்க, அவரு காதுல வுழுந்துடப் போவுது.

தெய்வசிகாமணி.